தையல் சந்தேகம்: உக்காந்தா இழுக்குற ஜம்ப்சூட்

போன மாசம் இந்தப் பக்கத்துல, லூசான லினன் ஜம்ப்சூட் (மேல் சட்டையும் பேண்ட்டும் ஒண்ணா சேந்த உடுப்பு) ஒண்ணு எனக்கே எனக்குன்னு தைச்சுப் போட்டேன், வெயிலுக்கு அவ்வளவு சுகமா இருக்குன்னு போற போக்குல நாலு வரி எழுதிட்டேன். அதுக்கு வந்த கேள்விகளப் பாத்தா ப்ளவுஸ், சுடிதார் எல்லாத்தையும் ஓரமா வெச்சிட்டு இந்த மாசம் பக்கம் முழுக்க இதுக்கே ஒதுக்க வேண்டியதாப் போச்சு. ப்ளவுஸ் கைச் சுருக்கம் பத்திக் கேட்டவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த மாசம் கண்டிப்பா எழுதுறேன்.

கேள்வி: அக்கா, யூடியூப் பாத்து ஜம்ப்சூட் ஒண்ணு தைச்சேன். நைட்டிக்கு விடுற மாதிரி சுத்தளவுல 8 இஞ்ச் லூசு விட்டேன். நின்னா சூப்பரா இருக்கு. உக்காந்தா தோள்ல கயிறு போட்டு இழுக்குற மாதிரி இருக்கு, கீழயும் பிடிக்குது, குனிஞ்சு ஒரு பொருள எடுக்க முடியல. இன்னும் எவ்வளவு லூசு விடணும்? (கோயம்புத்தூர்)

பதில்: பக்கவாட்டுல இனி ஒரு இஞ்ச் கூட விட வேணாம்மா. நீங்க ஒருத்தர் மட்டும் இல்ல, வந்த கடிதத்துல நிறைய இதே கதை தான்.

நைட்டி கீழ திறந்து கிடக்கு, நீங்க உக்காந்தா அது பாட்டுக்கு மேல ஏறிக்கும். ஜம்ப்சூட் எங்க ஏறும்? கால் நடுவுல ஒரு தையல், தோள்ல ஒரு தையல், ரெண்டுக்கும் நடுவுல நீங்க மாட்டிக்கிட்டு இருக்கீங்க. ப்ளவுஸும் சுடிதாரும் தைச்சுப் பழகின கை நம்மளுது, லூசுன்னு சொன்னாலே மார்பு சுத்து, இடுப்பு சுத்து, சீட்டு (பின்பக்கம்) சுத்துன்னு தான் புத்தி போகும். இதுக்கு வேண்டியது நீளத்துல லூசு. உக்காரும்போதும் குனியும்போதும் முதுகுப் பக்கம் நீளுது, அந்த நீளத்துக்குத் துணி இல்லன்னா அது தோள்ல இருந்து தான் இழுக்கும்.

அதுக்குன்னு ஒரு அளவு இருக்கு, நம்ம அளவு நோட்டுல பொதுவா இருக்காது. ஒரு தோளோட நடுவுல டேப் முனைய வைங்க, முன்பக்கமா மார்பு மேல இறக்கி, ரெண்டு கால் நடுவுல விட்டு, பின்னாடி ஏத்தி, ஆரம்பிச்ச அதே இடத்துக்குக் கொண்டு வாங்க, முழுசா ஒரு சுத்து. தனியா எடுக்க வராது, அம்மாவோ தங்கச்சியோ யாராவது பின்னாடி நின்னு பிடிக்கணும். டேப்ப இறுக்கவும் கூடாது, தொளதொளன்னு விடவும் கூடாது. உள்ள என்ன பிரா போடுவீங்களோ அதப் போட்டுட்டு எடுங்க, அதுலயே அரை இஞ்ச் மாறும். எனக்கு 5 அடி 2 இஞ்ச் உயரம், சுத்து 60 வருது. எங்க அக்கா பொண்ணு என்னை விட 3 இஞ்ச் வளத்தி, ஆனா அவ வளத்தி எல்லாம் கால்ல இருக்கு, சுத்து 59 தான். உயரத்த வெச்சுக் குத்துமதிப்பா போட முடியாதுன்னு இதுலயே தெரியுதில்ல.

இப்ப பேட்டர்ன் வரைஞ்சு வெட்டப் போற பேப்பர்ல அதே வழியில டேப்ப ஓட்டுங்க. வளைவுல டேப்ப படுக்க வைக்காம ஓரத்துல நிக்க வெச்சு ஓட்டினா சரியா வரும். தையலுக்குள்ள போறத எல்லாம் கழிச்சிடுங்க. உடம்பு 60ன்னா பேப்பர் 63ல இருந்து 64 வரணும். லினன் கொஞ்சம் கூட இழுபடாத துணி, பனியன் துணிக்கு சொல்ற கணக்க இதுக்குப் போடாதீங்க. உங்களோடதுல அனேகமா உடம்பு அளவ விட ஒரு இஞ்ச்சுக்கு மேல கூடியிருக்காது.

குறையுற இஞ்ச எங்க சேக்குறதுங்கிறதுல தான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. கால் நடுவுல இறக்கி விட்டுடுவாங்க. அப்படி இறக்கினா நிக்கும்போது பை மாதிரி தொங்கும், படி ஏறும்போது தொடையப் பிடிச்சு நிறுத்தும், புடவையில சின்ன கொசுவம் வெச்சுட்டு பஸ் ஏறின மாதிரி. சீட்டு ஆழத்த தனியா அளந்து அதோட விட்டுடுங்க: நாற்காலில நிமிர்ந்து உக்காந்து, இடுப்புல இருந்து நாற்காலிப் பலகை வரைக்கும் பக்கவாட்டுல எவ்வளவு இருக்கோ அதோட ஒரு இஞ்ச், மிஞ்சினா ஒன்றரை. மிச்சம் வேண்டியதெல்லாம் இடுப்புக் கோட்டுக்கு மேல. முன்னாடி 2, பின்னாடி 2 கூட்டினா சுத்துல 4 கூடிடும். இடுப்புல எலாஸ்டிக்கோ நாடாவோ வெச்சா அந்தக் கூடுதல் துணி அது மேல லேசா உப்பி விழும், பாக்கவும் அழகு.

தைச்சு முடிச்சதையும் காப்பாத்தலாம், தூக்கிப் போட்டுடாதீங்க. இடுப்புல ஏற்கனவே ஜாயின்ட் தையல் இருந்தா அதப் பிரிச்சு நடுவுல ஒரு பட்டி வைங்க, 2 இஞ்ச் கூடணும்னா 3 இஞ்ச் பட்டி வெட்டணும், மேல அரை கீழ அரை தையலுக்குப் போயிடும். ஜாயின்ட்டே இல்லாம ஒரே துணியா தைச்சிருந்தா இடுப்புல குறுக்க வெட்டணும், அப்ப வெட்டின ரெண்டு பக்கமும் அரை அரை இஞ்ச் காலி, அதனால அதே 2 இஞ்சுக்கு 4 இஞ்ச் பட்டி வேணும். நான் முதல்ல இத மறந்து 3 இஞ்ச்ல வெட்டிட்டு, இவ்வளவு பாடுபட்டும் ஒரு இஞ்ச் தான் கூடியிருக்குன்னு முழிச்சேன். அதே கலர் துணி கிடைக்கலன்னா வேற கலர்ல வைங்க, பெல்ட் மாதிரி இருக்கும், வேணும்னே வெச்சதுன்னு தான் நினைப்பாங்க.

அடுத்த தடவை நேரா லினன்ல கத்தரி வைக்காதீங்க. காடாத் துணியில ஒண்ணு வெட்டி, பெரிய பெரிய தையலா ஓட்டிப் போட்டுப் பாருங்க. நாற்காலில உக்காந்து பாத்தா பத்தாது, அரிவாள்மணை முன்னாடி உக்காருற மாதிரி உக்காந்து, கைய நீட்டி ஒரு வெங்காயம் எடுக்குற மாதிரி எடுங்க. எங்கயும் பிடிக்கலன்னா அளவு சரி.

கேள்வி: கடையில லினன்னு சொல்லி விதவிதமா விலை சொல்றாங்க. நிஜ லினன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது, எத்தனை மீட்டர் வாங்கணும்? (மதுரை)

பதில்: டயட்டுக்குன்னு ஆளிவிதை வாங்கிப் பொடி பண்றோமே, அந்தச் செடி வகையோட தண்டுல இருந்து எடுக்குற நார் தான் லினன். நாருக்காகவே வளர்க்குற ரகம் பெரும்பாலும் வடக்கு பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து கடலோரமா விளையுது, அங்க இருந்து நார் வந்து இங்க நூலாகித் துணியாகுது, அப்புறம் எப்படி பருத்தி விலைக்குக் கிடைக்கும்? ரொம்ப சல்லிசா கொடுத்தா அது லினன் மாதிரி நெய்த பருத்தியாவோ பாலியஸ்டர் கலந்ததாவோ இருக்கும். பருத்தியா இருந்தா ஒண்ணும் மோசம் இல்ல, ஜம்ப்சூட்டுக்கு அதுவும் நல்லாத்தான் இருக்கும், லினன் விலை கொடுக்கக் கூடாது, அவ்வளவு தான்.

ஓரத்துல இருந்து ஒரு இழைய உருவி, அடுப்படியில தண்ணி பக்கத்துல வெச்சுக்கிட்டு, இடுக்கில பிடிச்சுக் கொளுத்திப் பாருங்க. பேப்பர் எரியுற வாசம் வந்து சாம்பல் பூவா உதிர்ந்தா செடி நார். உருகி கறுப்பா கெட்டியா மணி மாதிரி உருண்டா பாலியஸ்டர். ஆனா பருத்தியும் லினனும் ஒரே மாதிரி தான் எரியும், அதப் பிரிக்க வேற ஒரு வேலை பண்ணணும். இன்னொரு இழைய எடுத்து முறுக்கப் பிரிச்சு இழுத்து அறுங்க. அறுந்த முனை பஞ்சு மாதிரி சுருண்டு நின்னா பருத்தி, குச்சி குச்சியா நீட்டிக்கிட்டு நின்னா லினன். கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாருங்க, எனக்கு இப்பல்லாம் கண்ணாடி இல்லாம ரெண்டும் ஒண்ணு தான்.

கடைக்காரர் 60 லீன்னு சொல்லுவார். லீங்கிறது நூல் எவ்வளவு சன்னம்ங்கிற கணக்கு, ஒரு பவுண்டு நூல்ல 300 கெஜம் நீளம் எத்தனை இருக்குன்னு எண்றது, எண் ஏற ஏற நூல் சன்னம். 60 லீ சட்டைக்கு சரி. ஜம்ப்சூட்டுக்கு வெளிர் கலர்ல அத எடுத்தா வெளிச்சத்துல நிக்கும்போது கால் தெரியும், லைனிங் கொடுக்க வேண்டி வரும், லைனிங் கொடுத்துட்டா அப்புறம் லினனோட காத்தோட்டமே போச்சு. 40, 44 லீ மாதிரி கொஞ்சம் கனமா கேளுங்க, இல்ல எடைக் கணக்குல கேட்டா 170ல இருந்து 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கிறது). உள்ளங்கைய உள்ள விட்டு ட்யூப்லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பாத்து, விரல் தனித்தனியா தெரிஞ்சா வேணாம்.

மீட்டர் கணக்கு: 58 இஞ்ச் பன்னாவா (துணியோட அகலம்) இருந்தா நம்ம சராசரி உயரத்துக்கு 3 மீட்டர், 44 இஞ்ச் பன்னான்னா 4 மீட்டர். பை வைக்கணும், கை வைக்கணும்னா கால் மீட்டர் கூட எடுத்துக்கங்க.

கேள்வி: வெட்டுறதுக்கு முன்னாடி கண்டிப்பா நனைக்கணுமா? சாயம் போகாம இருக்க கல் உப்பு போடலாமா? (திருநெல்வேலி)

பதில்: கண்டிப்பா நனைக்கணும். லினன் முதல் துவையல்ல நூத்துக்கு 4, 5ல இருந்து சில துணி 10 வரைக்கும் கூட சுருங்கும். தையல் கத்துக் கொடுக்க ஆரம்பிச்ச புதுசுல ஒரு டீச்சருக்கு லினன் பேண்ட் தைச்சுக் கொடுத்தேன், நனைக்காம, அவங்க அவசரம்னாங்கன்னு. ஒரே துவையல்ல கணுக்கால் தெரிய ஆரம்பிச்சிடுச்சு. அவங்க பெருந்தன்மையா ஒண்ணும் சொல்லல, ஆனா அதுக்கப்புறம் என்கிட்ட துணியும் கொடுக்கல.

வெட்டின ரெண்டு ஓரத்தையும் முதல்ல ஓவர்லாக்கோ ஜிக்ஜாக்கோ அடிச்சிடுங்க, இல்லன்னா துவைச்சு எடுக்கும்போது நூல் நூலா பிரிஞ்சு ஜடை போட்டுக்கிட்டு வரும். அப்புறம் பின்னாடி எப்படித் துவைக்கப் போறீங்களோ அப்படியே ரெண்டு தடவை துவைங்க. மெஷின்ல போடப் போறீங்கன்னா இப்பவே மெஷின்ல போடுங்க, சும்மா பக்கெட்ல முக்கி எடுத்துட்டு நனைச்சாச்சுன்னு சொல்லக் கூடாது. முழுசா காயறதுக்குள்ள, கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடுங்க. இஸ்திரிப் பெட்டி சக்கரத்துல கடைசி சூட்டுல லினன்னே எழுதியிருக்கும், அந்தச் சூடு தான்.

கல் உப்பு: எங்க பாட்டி, அம்மா, நான் எல்லாரும் போட்டோம். சாயப் பட்டறையில சாயத் தொட்டியில உப்புக்கு வேலை இருக்கு, சாயம் நூல்ல ஏறுறதுக்கு அது உதவும். சாயம் போட்டு முடிஞ்சு கடைக்கு வந்த துணிய வீட்ல உப்புத் தண்ணில ஊற வெச்சு பிடிக்க வைக்க முடியாது. போற சாயம் போயே தீரும். தண்ணி தெளியுற வரைக்கும் தனியா அலசுறது தான் வழி. அடர் கலர்ல தண்ணி தெளியவே மாட்டேங்குதுன்னா அதோட வெள்ளைப் பட்டி வெச்சுத் தைக்காதீங்க.

கேள்வி: போட்டுக்கிட்டு வந்து நின்னா எங்க மாமியார் "மெக்கானிக் ஷெட்டுக்கா போற?"ன்னு கேக்குறாங்க. என்ன பதில் சொல்றது? (திருச்சி)

பதில்: அத்தை சொன்னது முழுக்க சரி தான், வேலைக்காரங்க உடுப்பு தான் அது. ஒரே சூட்டா தைச்சு கழுத்துல இருந்து கால் வரைக்கும் மூடினா எண்ணெயும் கிரீசும் உள்ள துணியில படாது, மெஷின்ல சட்டை முனை மாட்டாது. இத்தாலில ஃபிளாரன்ஸ் ஊர்ல தயாத்னு ஒரு ஓவியர் தன் தம்பியோட சேர்ந்து, எல்லாரும் மலிவா தைச்சுப் போட்டுக்கட்டும்னு நேர்க்கோட்டு வெட்டுல டூட்டான்னு ஒரு உடுப்பு பண்ணி, 1920ல அத எப்படி வெட்டுறதுங்கிற படத்த அந்த ஊர் நியூஸ் பேப்பர்லயே போட்டுட்டார். பேப்பர்ல வந்தத வெச்சு வீட்ல தைக்கிறதுங்கிறது அப்பவே இருந்திருக்கு பாருங்க. ரெண்டாம் உலகப் போர்ல குண்டு போடுற சைரன் கேட்டா ராத்திரி உடுப்பு மேல டக்குனு மாட்டிக்க லண்டன்ல இதையே சைரன் சூட்னு சொன்னாங்க, சர்ச்சில் வெல்வெட்ல கூட தைச்சுப் போட்டுக்கிட்டார்.

அத்தைகிட்ட இவ்வளவும் சொல்ல வேணாம். ஒரு நாள் காத்தாடி இல்லாத அடுப்படியில போட்டுக்கிட்டு நில்லுங்க, துப்பட்டா சரி பண்ற வேலை இல்ல, முந்தானை சொருகுற வேலை இல்ல, ரெண்டு பக்கமும் பெரிய பை. எங்க வீட்ல அப்படித்தான், "அந்தப் பை வெச்சத எனக்கும் ஒண்ணு நைட்டியா தைச்சுக் கொடு"ன்னு எங்க அத்தையே கேட்டாங்க.

கேள்வி: எல்லாம் சரி, பாத்ரூம் போறது எப்படி அக்கா? வெளிப்படையா சொல்லுங்க. (ஈரோடு)

பதில்: இதக் கேக்காம தைக்கிறவங்க எல்லாம் ரெண்டாவது நாளே அத அலமாரில போட்டுடுவாங்க. முன்பக்கம் பட்டன் வைங்க, முதுகுல ஜிப் வேணவே வேணாம், கை எட்டாது, அவசரத்துக்கு நாத்தனாரக் கூப்பிட முடியுமா? பட்டன் பட்டி தொப்புளுக்குக் கீழ ஒரு 3 இஞ்ச் வரைக்கும் இறங்கணும். இடுப்புல நின்னுட்டா துணி சீட்டுல இறங்காது. எலாஸ்டிக் இடுப்பா இருந்தா, எலாஸ்டிக்க முழுசா இழுத்தா உங்க சீட்டு சுத்துக்கு மேல வருதான்னு தைக்கிறதுக்கு முன்னாடியே ஒரு தடவை இழுத்துப் பாத்துடுங்க.

கை வெச்சதா, கை இல்லாததான்னு நிறைய பேர் கேட்டிருந்தாங்க. நீங்க ரயில்ல போறவங்க, வேலை பாக்குற இடத்துல இந்தியன் டாய்லெட்னா கை இல்லாததே நல்லது. கை வெச்சத இறக்கும்போது அந்த ரெண்டு கையும் நேரா ஈரத் தரையத் தேடிப் போகும், அதுகள முன்னாடி முடிச்சு போட்டு மடியில வெச்சுக்கிட்டு உக்காரணும், ஓடுற ரயில்ல இத ஒரு தடவை செஞ்சு பாத்தவ சொல்றேன். கை இல்லாம தைச்சு உள்ள ஒரு டி-ஷர்ட்டோ சட்டையோ போட்டுக்கலாம், ஸ்கூல் பினாஃபோர் மாதிரி. கால் நீளம் தரையத் தொடக் கூடாது, கணுக்காலுக்கு மேல 3 இஞ்ச்ல நிறுத்திடுங்க, அகலமான காலா இருந்தா ரெண்டு மடிப்பு மடிச்சு விட்டுக்கலாம்.

காஜா (பட்டன் ஓட்டை) நீங்களே மெஷின்ல போட்டுப் பழகலன்னா காஜாக் கடையில கொடுத்துடுங்க, டெய்லர் கடைகள் இருக்குற தெருவுல காஜா மட்டுமே போடுறவங்க இருப்பாங்க. இடம் குறிச்சுக் கொடுக்குறது உங்க பொறுப்பு. மார்பு மேட்டுக்கு நேரா ஒண்ணு, இடுப்புல ஒண்ணு, இந்த ரெண்டும் முதல்ல, மிச்சத்த நடுவுல பிரிச்சுப் போடுங்க. மேல இருந்து 3 இஞ்ச் 3 இஞ்ச்னு போட்டுக்கிட்டே வந்தா மார்புக்கு நேரா பட்டன் இல்லாம போய், அங்க தான் வாய் பிளக்கும். லினனுக்குத் தேங்காய்ச் சிரட்டை பட்டன் ரொம்பப் பொருத்தம். பட்டிக்குள்ள கேன்வாஸ் (விறைப்புக்கு வைக்கிற துணி) கண்டிப்பா ஒட்டணும், அது இல்லாத லினன்ல காஜா நாலு துவையல்ல வாயப் பிளந்துக்கும்.

கேள்வி: குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன். இது சரிப்படுமா? (சேலம்)

பதில்: மேல சொன்ன முன்பக்க பட்டன் தான், தாராளமா தைங்க. பட்டனுக்கு பதிலா டிச் பட்டன் வெச்சா ஒரு கையில திறக்கலாம்.

கேள்வி: எங்கிட்ட அம்மாவோட பழைய மிதி மெஷின் தான் இருக்கு, ஓவர்லாக் கிடையாது. லினன் ஓரம் பிரியுதேன்னு பயமா இருக்கு. வெட்டும்போதும் கோணிக்குது. (தஞ்சாவூர்)

பதில்: மிதி மெஷின் லினனுக்கு ராஜா மாதிரி, நேர்த் தையல் அதுல விழுற அழகு புது மெஷின்ல வராது, நான் இன்னும் அதுல தான் தைக்கிறேன். ஊசிய மட்டும் மாத்துங்க. அந்த மெஷின்கள்ல எப்பவோ மாட்டின 16ம் நம்பர் ஊசி முனை மழுங்கிப் போய் இருக்கும், புதுசா 14 போடுங்க, மெல்லிசு லினன்னா 11. ஒரு இஞ்ச்சுக்கு 9, 10 தையல் விழுற மாதிரி வைங்க. பொடியா ஓட்டினா துணி சுருக்கும், பிரிக்க வேண்டி வந்தா நூலோட துணியும் வரும்.

கோணுறதுக்கு இழை உருவுறது தான் மருந்து. ஓரத்துல சின்னதா ஒரு வெட்டு கொடுத்து, குறுக்கு இழை ஒண்ண ஊசி முனையால கிளப்பி, ரெண்டு விரல்ல பிடிச்சு மெதுவா இழுங்க, துணி சுருங்கிச் சுருங்கி வரும், நீவி விட்டுக்கிட்டே இழுக்கணும், நடுவுல அறுந்தா அறுந்த இடத்துல அதே இழையத் தேடிப் பிடிக்கணும். உருவி முடிச்சதும் தலையில வகிடு எடுத்த மாதிரி ஒரு கோடு தெரியும், அதுல கத்தரிய விடுங்க. ஒரு பன்னாவுக்குப் பத்து நிமிஷம் ஆகும். அப்புறம் துணிய நீளவாக்குல மடிச்சா ரெண்டு ஓரமும் மூலையும் பொருந்தணும், பொருந்தலன்னா குறுக்குவாட்டமா ரெண்டு பேர் பிடிச்சு இழுத்து நேர் பண்ணிட்டு இஸ்திரி போடுங்க. இதச் செய்யாம வெட்டினா தைச்சு நாலு துவையல் கழிச்சு ஒரு கால் முன்னாடி திரும்பி நிக்கும், நடக்கும்போது பக்கத் தையல் முழங்கால் மேல வந்து உக்காந்திருக்கும்.

ஓரம் பிரியாம இருக்க ஆம்பளை சட்டையப் புரட்டிப் பாருங்க, பக்கத்துல ரெண்டு வரித் தையல், உள்ள பிசிறே தெரியாது. அதே தான். தையலுக்கு முக்கால் இஞ்ச் கிட்ட விட்டு வெட்டிக்கங்க, நேர்த் தையல் போட்டதும் ஒரு பக்கத்த கால் இஞ்ச்சா நறுக்கிடுங்க, பெரிய பக்கத்த அது மேல மடிச்சு மூடி, படிய வெச்சு இன்னொரு வரி. பக்கத் தையல், உள்கால் தையல் ரெண்டுக்கும் இது போதும். உள்கால்ல அந்தக் குழாய்க்குள்ள தைக்கத் துணி சேர்ந்துக்கும், பொறுமையா நாலு விரல் நாலு விரலா நகத்துங்க.

கால் நடுவுல வர்ற வளைவு மட்டும் வேற கதை, அங்க தான் எல்லா இழுவையும் விழுது. முதல்ல ரெண்டு காலையும் தனித்தனியா உள்கால் தைச்சு முடிங்க. ஒரு கால நல்ல பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி, அத இன்னொரு காலுக்குள்ள விட்டு, நல்ல பக்கமும் நல்ல பக்கமும் ஒட்டுற மாதிரி வெச்சு, உள்கால் தையல் ரெண்டும் நேருக்கு நேர் முட்டுதான்னு குண்டூசி குத்தி, முன்பக்கத்துல இருந்து பின்பக்கம் வரைக்கும் ஒரே மூச்சா ஓட்டுங்க. அதுக்குப் பக்கத்துலயே, மார்ஜின் (தையலுக்கு விட்ட ஓரம்) பக்கமா ஒரு நூல், அதாவது அரைக்கால் இஞ்ச் தள்ளி இன்னொரு ஓட்டு. வளைவு இருக்குற அந்த அஞ்சாறு இஞ்ச் மட்டும் மார்ஜின கால் இஞ்ச்சுக்கு நறுக்கி, அதே துணியில குறுக்கு வெட்டுப் பட்டி ஒண்ணு சுத்தி மூடிடுங்க, தொடையில உரசாது.

கேள்வி: கைக்குழி பக்கம் வாய் பிளந்து உள்ள பிரா தெரியுது. எனக்கு மார்பு கொஞ்சம் பெருசு. (கடலூர்)

பதில்: டார்ட் (துணிய முக்கோணமா மடிச்சுப் பிடிக்கிற தையல்) இல்லாத பேட்டர்ன்ல தைச்சிருப்பீங்க. லூசு டிரெஸ்னா டார்ட் வேணாம்னு எழுதி வெச்சிருப்பாங்க, 36க்கு மேல இருக்குற நம்மளுக்கு அது பொருந்தாது. முன்பக்கம் மார்பு மேல ஏறி இறங்க நீளம் வேணும், முன் பாகத்தோட பக்கத் தையல்ல ஒரு இஞ்ச் நீளம் கூட்டி வெட்டி, அந்த ஒரு இஞ்ச்ச கைக்குழிக்கு 2 இஞ்ச் கீழ டார்ட்டா பிடிங்க, முனை மார்பு நடுப்புள்ளிக்கு ஒரு இஞ்ச் முன்னாடியே நிக்கணும். தைச்சாச்சுன்னா, கைக்குழியில எவ்வளவு தொங்குதோ அத அங்கயே சின்ன டார்ட்டா பிடிச்சு சமாளிக்கலாம், பிரிண்ட் துணியில தெரியாது, பிளெயின்ல கொஞ்சம் தெரியும். இன்னொண்ணு, வெட்டின உடனே கழுத்துக்கும் கைக்குழிக்கும் ஓரத்துல ஒரு ஓட்டு ஓட்டி வெச்சிடுங்க, லினன் வளைவு கையில தூக்கித் தூக்கி வைக்கிறதுலயே நீண்டுக்கும்.

கேள்வி: இனி கடையில வாங்காம முழுக்க நானே தைச்ச துணி தான் போடணும்னு ஆசை. ஜம்ப்சூட்ல இருந்து ஆரம்பிக்கலாமா? (சென்னை)

பதில்: வேணாம். ஆசை நல்ல ஆசை, ஆரம்பம் மட்டும் அதுல வேணாம். ஜம்ப்சூட்ல மேல பாதி தப்பினா கீழ பாதியும் வீண். அதே பேட்டர்ன இடுப்புல வெட்டி மேல ஒரு டாப், கீழ ஒரு பேண்ட்னு தனித்தனியா தைங்க, பேண்ட் உங்களுக்கு உக்காந்துடுச்சுன்னா அப்புறம் ரெண்டையும் ஒட்டுறது ஒரு ஞாயித்துக்கிழமை வேலை.

இன்னொண்ணு, ஒரு வாரம் உங்க வீட்டுக் கொடியப் பாருங்க, எது திரும்பத் திரும்ப காயுதோ அது தான் நீங்க நிஜமா போடுற துணி. எங்கிட்ட கத்துக்க வர்ற பிள்ளைங்க முதல்ல பார்ட்டி கவுன் தைக்கணும்பாங்க, கொடியில பாத்தா ரெண்டு குர்தாவும் நாலு பேண்ட்டும் தான் சுத்திச் சுத்தி வரும். அத முதல்ல தைங்க. கலர ரெண்டு மூணுக்குள்ள வெச்சுக்கிட்டா எல்லா டாப்பும் எல்லா பேண்ட்டுக்கும் ஒட்டும், மிச்சத் துண்டும் பைக்கோ பட்டிக்கோ ஆகும்.

காசு மிச்சம்னு மட்டும் நினைச்சு இறங்காதீங்க. நல்ல லினன், கேன்வாஸ், பட்டன், காஜாக்கூலி எல்லாம் சேத்தா ரெடிமேட் விலைய சுலபமா தாண்டிடும், உங்க ரெண்டு ஞாயித்துக்கிழமைக்கு யாரும் கூலி தர மாட்டாங்க. என்னோட அலமாரில பாதி நானே தைச்சது, மிச்ச பாதி வாங்கினது, உள்ளாடையும் பனியனும் தைக்க எனக்குப் பொறுமை கிடையாது.

கேள்வி: பஸ்ல போய் இறங்குறதுக்குள்ள லினன் கசங்கிப் போகுது. கசங்காம வெச்சுக்க வழி இருக்கா? (வேலூர்)

பதில்: இல்லம்மா. அந்த நாருக்கு இழுபட்டுத் திரும்புற குணம் கிடையாது, மடிஞ்சா மடிஞ்சது தான். ஒரே கோட்டுல தினமும் மடிச்சு அழுத்தி இஸ்திரி போட்டா அந்த மடிப்புலயே கிழியக் கூட செய்யும், அதனால ஹேங்கர்ல மாட்டிடுங்க. மடிப்பு கலையாம நிக்கணும்னு இருக்குற நாளைக்கு வேற ஏதாவது போட்டுக்கங்க.

ஒரு வேண்டுகோள், கேள்வி எழுதுறவங்க அளவையும் சேத்து எழுதுங்க. "நான் கொஞ்சம் குண்டு", "ஓரளவு உயரம்"னு எழுதினா நான் என்னத்தக் கணக்குப் போடுறது? மார்பு, இடுப்பு, சீட்டு, உயரம், ஜம்ப்சூட்னா அந்த முழுச் சுத்தும்.